சிமெண்ட் மேல் பழி போடுவதற்கு முன்

கேள்வி: வில்லிவாக்கத்தில் சிறிய பல் கிளினிக் நடத்துகிறேன். அண்மையில் ஒட்டிய லித்தியம் டைசிலிகேட் (கண்ணாடி செராமிக்) ஆன்லேக்களில் (பல்லின் மேல்பகுதியை மூடும் ஒட்டுத்துண்டுகள்) மூன்று கழன்று வந்துவிட்டன. மூன்றிலும் சிமெண்ட் முழுவதும் ஆன்லேயின் உள்பக்கத்தில் இருக்கிறது. பல்லில் ஒன்றுமே இல்லை. ஜிங்க் ஆக்சைடு யூஜினால் சிமெண்டில் டெம்பரரி (ஆன்லே தயாராகும்வரை தற்காலிக மூடி) வைக்கிறேன். ஒட்டும் நாளில் அதை எக்ஸ்புளோரரால் எடுத்துவிட்டு, ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்து, ஃபிட் பார்த்து, 37% பாஸ்பாரிக் ஆசிட் 30 விநாடி, யுனிவர்சல் பாண்ட் (ஒட்டுப் பசை), டூயல் கியூர் (ஒளியாலும் தானாகவும் இறுகும்) ரெசின் சிமெண்ட் என்று போகிறேன். சிமெண்ட் பிராண்டை மாற்றலாமா? ஹைப்போகுளோரைட்டால் துடை என்கிறார் ஒரு சீனியர், குளோர்ஹெக்சிடின் போதும் என்கிறார் இன்னொருவர். ஏர் அப்ரேஷன் (காற்றோடு பொடி அடித்துச் சுத்தம் செய்யும்) கருவி வாங்கினால்தான் தீருமா?

அன்புள்ள டாக்டர்,

பாதி பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. சிமெண்ட் ஆன்லேயோடு வந்து பல் வெறுமையாக நிற்கிறது என்றால், ஆன்லே பக்கம் உட்புறத்தைச் சொரசொரப்பாக்கும் ஹைட்ரோஃபுளோரிக் ஆசிட்டும், செராமிக்கை ரெசினோடு பிணைக்கும் சைலேனும் தங்கள் வேலையைச் செய்துவிட்டன. பிடி விட்டது பல் பக்கத்தில். இதுவே தலைகீழாக, சிமெண்ட் பல்லில் நின்று ஆன்லேயின் உட்புறம் பளிச்சென்று வந்திருந்தால் நாம் லேபையும் சைலேனையும் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம். ஆகவே பிராண்டை மாற்றாதீர்கள். புது சிமெண்டும் அதே பல்லில்தான் ஒட்டியாக வேண்டும்.

கழன்ற ஆன்லேக்கள் கையில் இருந்தால் ஒரு சோதனை செய்யுங்கள். உள்ளே இருக்கும் சிமெண்டை எக்ஸ்புளோரர் முனையால் அழுத்துங்கள். நன்றாக இறுகிய ரெசினில் முனை இறங்காது, கீறல்தான் விழும். பல்லைத் தொட்டிருந்த முகம் மட்டும் மெத்தென்று அழுந்தினால் அங்கே ரெசின் முழுதாக இறுகவில்லை. முதல் சந்தேகம் யூஜினால் மேல். சிமெண்ட் கடினமாக இருந்து, அதன் முகத்தில் வெள்ளைத் திட்டுகள் தெரிந்தால் டெம்பரரி சிமெண்ட்டின் மீதிமேலேயே ஒட்டியிருக்கிறீர்கள். கடினமாக, வழவழப்பாக, திட்டு எதுவும் இல்லாமல் இருந்தால் எச்சில், எண்ணெய், ஈரம் இவற்றில் ஒன்று. எனாமல் (பல்லின் வெளி ஓடு) ஓரத்திலும் பிடி இல்லையா என்று லூப் (உருப்பெருக்கிக் கண்ணாடி) போட்டுப் பாருங்கள். எனாமலில்கூட ஒட்டவில்லை என்றால் அதற்கு அடியில் உள்ள டென்டினைக் குறை சொல்ல இடமில்லை. எனாமலில் ஒட்டாமல் போவதற்குப் பெரும்பாலும் அழுக்குதான் காரணம்.

நீங்கள் செய்யும் வரிசையில் எனக்கு உறுத்துவது நான்கு இடங்கள்: யூஜினால், ஸ்பிரிட் பஞ்சு, சுத்தம் செய்தபிறகு ஃபிட் பார்ப்பது, டென்டினில் 30 விநாடி ஆசிட்.

யூஜினால் ஒரு பினால். ரெசின் இறுகுவதற்குத் தேவையான ஃப்ரீ ராடிக்கல்களை அது பிடித்துக்கொள்கிறது. அதனால் பாண்டும் சிமெண்டும் அரைகுறையாக நின்றுவிடுகின்றன. டெம்பரரி சிமெண்ட் இறுகிவிட்டதே, இனி யூஜினால் எங்கே என்று தோன்றும். ஈரம் பட்டால் இறுகிய சிமெண்டிலிருந்தும் யூஜினால் மெல்ல வெளியேறி டென்டின் குழாய்களுக்குள் போகிறது. பவுடர் குறைத்து, தண்ணியாகக் கலக்கும் பழக்கம் இருந்தால் இது இன்னும் அதிகம். எட்ச் செய்து (ஆசிட்டால் பல்லைச் சொரசொரப்பாக்கி) கழுவும் முறையில் ஆசிட் மேல்படலத்தைக் கரைத்து எடுத்துவிடுவதால் சேதம் குறைவு. தனி ஆசிட் இல்லாமல் பாண்டே எட்ச் செய்யும் செல்ஃப் எட்ச் முறையிலும், தானே ஒட்டும் செல்ஃப் அட்ஹெசிவ் சிமெண்டிலும் எதுவும் கழுவப்படுவதில்லை. யூஜினால் ஏறிய ஸ்மியர் லேயர் (பல்லை வெட்டும்போது படியும் துகள் படலம்) அப்படியே பிணைப்புக்குள் போய்விடுகிறது. ஆகவே ரெசினால் ஒட்டப்போகிற பல்லுக்கு யூஜினால் இல்லாத டெம்பரரி சிமெண்டையே வையுங்கள். ஆனால் டப்பாவில் யூஜினால் இல்லை என்று போட்டிருப்பதால் பல்லில் மீதி இருக்காது என்று நினைத்துவிட வேண்டாம். அதையும் இதே அக்கறையோடுதான் எடுக்க வேண்டும்.

நம் ஊரில் இதற்கு ஒரு துணைக்கதை உண்டு. டெம்பரரி வைத்த பல் கூசினால் நோயாளி வீட்டில் முதலில் தேடுவது கிராம்புத் தைலம். அதில் பெரும்பகுதி யூஜினால்தான். நீங்கள் யூஜினால் இல்லாத சிமெண்ட் வைத்து அனுப்ப, வீட்டில் பாட்டி பஞ்சில் தைலம் நனைத்து வைத்துவிடுவார். டெம்பரரி வைத்து அனுப்பும்போதே, “வலித்தால் போன் பண்ணுங்கள், கிராம்புத் தைலம் வேண்டாம்” என்று சொல்லிவிடுங்கள். ஒட்டும் நாள் காலையில் நல்லெண்ணெய் கொப்பளிப்பவர்களையும் அன்று ஒருநாள் நிறுத்தச் சொல்லுங்கள்.

அடுத்தது ஸ்பிரிட் பஞ்சு. டெம்பரரி சிமெண்ட் துகளை அது கரைப்பதில்லை. இருக்கிற மீதியை மெல்லிய படலமாக இழுத்துப் பல் முழுக்கப் பூசுகிறது, போகிற போக்கில் பஞ்சு நூலையும் விட்டுவிடுகிறது. உலர்ந்த பல் பார்வைக்குச் சுத்தமாகத் தெரிவதால் நாமும் நம்பிவிடுகிறோம். பஞ்சை விட்டுவிடுங்கள்.

ஆசிட் எல்லாவற்றையும் கழுவிவிடும் என்ற நம்பிக்கை நம் தொழிலில் ஆழமாக ஊறியிருக்கிறது. 1955-இல் மைக்கேல் பூனோகோர் 85% பாஸ்பாரிக் ஆசிட்டை 30 விநாடி எனாமலில் வைத்துக் காட்டியதிலிருந்து எட்ச் என்பது மந்திரமாகிவிட்டது. ஆனால் ஆசிட் சோப்பு அல்ல. அது கரைப்பது தாதுவை. பிளாக், எண்ணெய்ப் படலம், ரெசின் மீதி, சிலிக்கோன் இவை மேலே உட்கார்ந்திருந்தால் ஆசிட் அந்த இடத்தைத் தொடுவதே இல்லை. எட்ச் செய்து உலர்த்திய எனாமலில் வெண்மைக்கு நடுவே கண்ணாடி மாதிரி மின்னும் தீவுகள் தெரிந்தால் அங்கே ஏதோ ஒட்டியிருக்கிறது. இன்னொரு தரம் ஆசிட் வைப்பதால் அது போகாது. திரும்பிப் போய்த் தேய்க்க வேண்டும்.

தேய்ப்பது எப்படி என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். டெம்பரரியைக் கழற்றியதும் தண்ணீர் அடிக்காதீர்கள். உலர்ந்த சிமெண்ட் வெள்ளையாகத் தெரியும், நனைந்தால் டென்டின் நிறத்தோடு கலந்துவிடும். ஸ்பூன் எக்ஸ்கவேட்டரால் பெரிய துண்டுகளை எடுங்கள். எக்ஸ்புளோரரின் கூர்முனை கோடு போடும், சுரண்டாது. மீதி தங்கும் இடங்கள் எப்போதும் ஒன்றேதான்: உள்மூலைகள், பல் இடுக்குப் பக்கம் வெட்டிய பாக்ஸின் ஈறுப்பக்க விளிம்பு, பழைய ஃபில்லிங்கும் பல்லும் சேரும் கோடு. 2.5 மடங்கு லூப் இருந்தால் போதும், இவை தெரிந்துவிடும். பிடிவாதமான இடத்துக்கு ஸ்கேலர் முனையைக் குறைந்த பவரில், தண்ணீரோடு, அழுத்தாமல் ஓட்டலாம்.

பிறகு ப்யூமிஸ் (எரிமலைக் கல் பொடி). மாவு போன்ற நைஸ் ப்யூமிஸ் பவுடரில் சுத்தத் தண்ணீர் விட்டுத் தளர்ந்த சட்னி பதத்துக்குக் குழைத்து, ரப்பர் கப்பில் எடுத்து, மெதுவான வேகத்தில், ஒவ்வொரு முகத்துக்கும் 10 முதல் 15 விநாடி. ஆன்லே பள்ளத்தின் மூலைக்குக் கப் எட்டாது. அங்கே சின்ன பிரிஸில் பிரஷ். பாலிஷ் போடும் ப்ரோபி பேஸ்ட் இதற்கு ஆகவே ஆகாது. அதில் கிளிசரின், வாசனை எண்ணெய், பல பேஸ்ட்களில் ஃபுளோரைடும் இருக்கும். ஒரு படலத்தை எடுத்துவிட்டு இன்னொன்றைப் பூசிய கதையாகும். தேய்த்தபின் 15, 20 விநாடி நன்றாகக் கழுவுங்கள். ப்யூமிஸ் துகளும் மூலையில் தங்கும். கடைசியில் தண்ணீரே சாட்சி சொல்லும். சுத்தமான பரப்பில் அது ஒரே படலமாகப் பரவும். எண்ணெய் இருக்கும் இடத்தில் விலகிச் சொட்டாக நிற்கும்.

வெற்றிலை பாக்கு போடுபவர்களுக்கு ஓரத்து எனாமலில் கறையும் சுண்ணாம்புப் படிவும் தடிமனாக இருக்கும். ப்யூமிஸ் அதற்குப் போதாது. டெம்பரரி வைக்கும் நாளிலேயே ஸ்கேலிங் முடித்துவிடுங்கள். ஒட்டும் நாளில் ஸ்கேலிங் செய்தால் ஈறில் ரத்தம் கசியும், பிறகு அதோடு மல்லுக்கட்ட வேண்டும். சோடியம் பைகார்பனேட் பவுடர் அடிக்கும் கருவி வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பவுடரின் மீதி காரத்தன்மை உள்ளது. செல்ஃப் எட்ச் பாண்டின் லேசான அமிலத்தை அது முறித்துவிடும். நன்றாகக் கழுவி, பாஸ்பாரிக் ஆசிட்டும் வைப்பதாக இருந்தால் மட்டும் பயன்படுத்தலாம்.

வரிசையில் உங்கள் பெரிய தவறு, சுத்தம் செய்தபிறகு ஃபிட் பார்ப்பது. ஃபிட் பார்க்கும்போது எச்சில், ஈறு நீர், சில சமயம் ரத்தம் எல்லாம் பல்லைத் தொடுகின்றன. ஃபிட் செக்கர் சிலிக்கோன் பயன்படுத்தினால் அது கண்ணுக்குத் தெரியாத வழவழப்பை விட்டுப் போகும். ஸ்பிரிட்டுக்கும் ஆசிட்டுக்கும் அது அசையாது. ஆகவே முதலில் டெம்பரரி மீதியை எடுத்து, ஃபிட்டும் நிறமும் கான்டாக்டும் பார்த்து முடித்துவிடுங்கள். பிறகு எச்சிலைத் தடுக்கும் ரப்பர் திரையான ரப்பர் டேம். அதற்குப் பிறகு ப்யூமிஸ். ப்யூமிஸுக்கும் ஆசிட்டுக்கும் நடுவே வேறு எதுவும் பல்லைத் தொடக்கூடாது, உங்கள் கையுறை விரல் உட்பட.

ஆன்லேயும் அதே எச்சிலில் நனைந்துதான் வெளியே வருகிறது. லித்தியம் டைசிலிகேட் என்பதால், ஃபிட் பார்த்தபின் உள்ளே பாஸ்பாரிக் ஆசிட் 60 விநாடி வைத்துக் கழுவி, உலர்த்தி, சைலேன் போடுவது சரியான வழி. இதே பழக்கத்தில் ஜிர்கோனியா கிரவுனுக்கும் பாஸ்பாரிக் ஆசிட் வைத்துவிடாதீர்கள். ஆசிட்டிலிருந்து வரும் பாஸ்பேட் ஜிர்கோனியாவில் போய் ஒட்டிக்கொள்ளும், பாண்டிலும் சிமெண்டிலும் உள்ள எம்.டி.பி. என்ற ஒட்டுப்பொருள் பிடிக்க வேண்டிய இடம் பறிபோகும். அங்கே மெல்லிய சாண்ட்பிளாஸ்டிங், அல்லது அதற்கென்று விற்கும் கிளீனர்கள். ஐவோகிளீன் என்றால் 20 விநாடி வைத்துக் கழுவ வேண்டும், அது வாய்க்கு வெளியே மட்டும். கட்டானா கிளீனர் எம்.டி.பி. உப்பு கொண்டது, பல்லிலும் 10 விநாடிக்கு மேல் தேய்த்துக் கழுவலாம். எச்சிலுக்கு இவை நல்ல மருந்து. டெம்பரரி சிமெண்ட் கட்டியை இவை எடுக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

எட்ச் நேரத்துக்கு வருவோம். எனாமலுக்கு 15 முதல் 30 விநாடி, டென்டினுக்கு 15-ஐத் தாண்ட வேண்டாம். டென்டினில் 30 விநாடி வைத்தால் தாது ஆழமாகக் கரைந்து, ரெசின் எட்ட முடியாத வெறும் கொலாஜன் (டென்டினின் புரத நார்) அடியில் நின்றுவிடும். அன்றைக்கு ஒட்டியது போலிருந்து பின்னால் விடும். எனாமலில் முதலில் ஜெல் வைத்து 15 விநாடி கழித்து டென்டினில் பரப்புங்கள். யுனிவர்சல் பாண்ட் என்பதால் எனாமலில் மட்டும் எட்ச் செய்து டென்டினைச் செல்ஃப் எட்சாக விடுவதும் நல்ல முறையே. ஆனால் யூஜினால் வைத்திருந்த பல்லுக்கு அது பொருந்தாது, காரணம் மேலே சொன்னதுதான். கழுவியபின் சிரிஞ்சால் ஓங்கி ஊதாமல், மைக்ரோபிரஷாலோ உறிஞ்சு தாளாலோ ஒற்றி எடுங்கள். டென்டின் ஈர மினுமினுப்போடு இருக்கட்டும், குளம் கட்ட வேண்டாம். என்றைக்காவது செல்ஃப் அட்ஹெசிவ் சிமெண்ட் எடுத்தால் டென்டினில் பாஸ்பாரிக் ஆசிட் வைக்கவே வைக்காதீர்கள். கெட்டியான அந்த சிமெண்ட் ஆசிட் திறந்துவிட்ட கொலாஜனுக்குள் இறங்காது, பிடி குறைந்துவிடும்.

இரண்டு சீனியர்களுக்கும் பதில். ஹைப்போகுளோரைட் வேண்டாம். அது ஆர்கானிக் அழுக்கைக் கரைக்கும் என்பது உண்மை. ஆனால் டென்டினில் ஆக்சிஜனேற்றத் தன்மையை விட்டுச் செல்கிறது. ரெசின் இறுகுவதை அது தடுக்கும். ரூட் கேனால் செய்த பல்லில் இதைத் தவிர்க்க முடியாது. அங்கே 10% சோடியம் அஸ்கார்பேட் வைத்து மாற்றலாம். எனக்குக் கேட்டால், ஃபைன் டயமண்டால் டென்டினின் மேல் தோலை லேசாகப் புதுப்பித்துவிடுவதே எளிது. ரூட் கேனாலை அடைத்த சீலரின் மீதியும் அதோடு போய்விடும். பல் வெளுப்பாக்கும் சிகிச்சை எடுத்தவர்களுக்கும் இதே ஆக்சிஜன் பிரச்னைதான். ஒட்டுவதை இரண்டு வாரம் தள்ளிப்போடுங்கள். குளோர்ஹெக்சிடின் கெடுதல் இல்லை, ஆனால் அது சுத்தம் செய்யும் பொருளே அல்ல. எட்ச் செய்தபின் 2% நீர்க்கரைசலை 30 முதல் 60 விநாடி வைத்து, கழுவாமல் ஒற்றி எடுத்தால், கொலாஜனை அரிக்கும் என்சைம்களைக் கொஞ்ச காலம் அடக்கி வைக்கும். பயன் அவ்வளவே. மருந்துக்கடை மவுத்வாஷை அதற்குப் பதிலாக எடுக்காதீர்கள். அதில் வாசனையும் கிளிசரினும் உண்டு.

ரத்தம் நிறுத்தும் மருந்துகளை நீங்கள் குறிப்பிடவில்லை. ஆன்லேயின் ஈறுப்பக்க ஓரத்துக்கு எப்படியும் பயன்படுத்தியிருப்பீர்கள். ஃபெரிக் சல்ஃபேட் கருத்த படிவை விடும், அலுமினியம் குளோரைடு கண்ணுக்குத் தெரியாமல் டென்டினில் தங்கும். இரண்டையும் தண்ணீர் அடித்து, ப்யூமிஸ் தேய்த்து, ஆசிட்டும் வைத்தால்தான் ஒழுங்காகப் போகும். செல்ஃப் எட்ச் போகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். எட்ச் செய்தபிறகு எச்சிலோ ரத்தமோ பட்டால் கழுவி, 10 விநாடி மறுபடி ஆசிட். பாண்ட் போட்டபின் பட்டால் கழுவி, உலர்த்தி, பாண்டை மறுபடி போடுங்கள்.

இனி ஏர் அப்ரேஷன். நல்ல கருவி, ஆனால் உங்கள் செலவுப் பட்டியலில் முதலிடம் அதற்கு இல்லை. முதலிடம் கம்ப்ரசருக்கு. சென்னைக் காற்றின் ஈரத்தில் டேங்கில் தினமும் தண்ணீர் சேரும். மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். அந்தத் தண்ணீர், எண்ணெய் போடும் கம்ப்ரசர் என்றால் எண்ணெயும் சேர்ந்து, த்ரீ வே சிரிஞ்ச் வழியாக நீங்கள் பாடுபட்டுச் சுத்தம் செய்த பல்லில் போய் விழுகிறது. தினமும் மூடும்போது டேங்கின் அடி வால்வைத் திறந்து வடித்துவிடுங்கள். வாட்டர் செப்பரேட்டர், ஃபில்டர் இரண்டையும் பாருங்கள். காலையில் முதல் நோயாளிக்கு முன் சிரிஞ்சை உலர்ந்த முகம் பார்க்கும் கண்ணாடிக்கு அருகில் பிடித்துக் காற்றை மட்டும் 10 விநாடி அடியுங்கள். பனித்துளியோ விரல் வைத்தால் வழுக்கும் படலமோ தெரிந்தால் அன்றைக்கு எதையும் ஒட்டாதீர்கள். ஹேண்ட்பீஸுக்கு எண்ணெய் போட்டபின் அரை நிமிடம் வெளியே ஓட விட்டுத் துடைத்துவிட்டு வாய்க்குள் கொண்டுபோங்கள். சேர் பாட்டிலில் போர் தண்ணீரோ லாரித் தண்ணீரோ ஊற்றினால் காய்ந்ததும் உப்பு வெள்ளையாகப் படியும். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள்.

இதெல்லாம் சரியானபின் கருவி வாங்குங்கள். அலுமினா 27 அல்லது 50 மைக்ரான், 2 முதல் 3 பார் அழுத்தம், முனை பல்லிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி, நகர்த்திக்கொண்டே 5 முதல் 10 விநாடி. எக்ஸ்கவேட்டர் எட்டாத உள்மூலையை அது சுத்தம் செய்வதுபோல் ப்யூமிஸ் செய்யாது. ரப்பர் டேமும் பெரிய சக்‌ஷனும் இல்லாமல் அடிக்காதீர்கள். முனையை ஈறு இடுக்கை நோக்கிப் பிடித்தால் காற்று திசுவுக்குள் புகுந்து முகம் வீங்கும் ஆபத்து உண்டு. பவுடர் ஈரம் இழுத்துக் கட்டிதட்டினால் முனை அடைத்துக்கொள்ளும். டப்பாவைச் சிலிக்கா ஜெல்லோடு இறுக மூடி வையுங்கள். பல்லை வெட்டிய அன்றே டென்டினைப் பாண்டால் மூடும் இம்மீடியட் டென்டின் சீலிங் முறைக்கு நீங்கள் மாறினால், மாறச் சொல்லித்தான் நான் சொல்வேன், ஒட்டும் நாளில் அந்தப் பழைய ரெசின் படலத்தை உயிர்ப்பிக்க இந்தக் கருவி மிகவும் உதவும். அப்போது அழுத்தத்தைக் குறையுங்கள், பளபளப்பு மங்கியதும் நிறுத்துங்கள். அதற்கு மேல் அடித்தால் படலம் கிழிந்து டென்டின் வெளியே வரும். டெம்பரரி அந்தப் படலத்தோடு ஒட்டிக்கொள்ளாமலிருக்கப் பூசிய வாசலினையோ கிளிசரினையோ எடுப்பதும் ப்யூமிஸின் வேலைதான்.

கழன்ற மூன்றையும் உடையாமல் இருந்தால் மறுபடி ஒட்டலாம். உள்ளே இருக்கும் சிமெண்டை அலுமினாவால் ஓங்கி அடித்தால் கண்ணாடிப் பகுதி பிளவுபடும். 50 மைக்ரான் கிளாஸ் பீட், குறைந்த அழுத்தம், லேபில் செய்யச் சொல்லுங்கள். பிறகு 5% ஹைட்ரோஃபுளோரிக் ஆசிட் 20 விநாடி, வாய்க்கு வெளியே, கையுறையும் கண்ணாடியும் போட்டு. கழுவி, பாஸ்பாரிக் ஆசிட் 60 விநாடி வைத்து வெள்ளைப் படிவை நீக்கி, மறுபடி கழுவி உலர்த்தி சைலேன். பல் பக்கம் யூஜினால் ஊறியிருப்பதால், அந்த மூவரும் வரும்போது டென்டினை ஃபைன் டயமண்டால் ஒரு சுற்று புதுப்பித்து, ஓரம் தப்பாமல் மறுபடி ஃபிட் பார்த்து, ப்யூமிஸிலிருந்து தொடங்குங்கள். இப்போது யூஜினால் டெம்பரரியோடு காத்திருக்கும் வேறு நோயாளிகள் இருந்தால் அவர்களை முன்கூட்டியே வரவழைத்து, அதை எடுத்துவிட்டு யூஜினால் இல்லாததை வையுங்கள்; ஒட்டுவது அடுத்த வாரம் இருக்கட்டும்.